ஷமீரான் வீட்டுச் சனிக்கிழமைகள்

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ராக்ஸ்பர்க் பார்க்கில் செப்டம்பர் பிறந்து குளிர் கொஞ்சம் குறைந்துவிட்டால் போதும், வீட்டு வாசல்களில் விற்பனைப் பலகைகள் முளைத்துவிடும். சனிக்கிழமை காலையில் தெருவுக்கு ஒரு ஏலம் நடக்கும். வாங்குகிறவர்கள் நாலு பேர் என்றால் வேடிக்கை பார்க்கிறவர்கள் நாற்பது பேர். நானும் அதில் ஒருத்திதான். பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்று தெரியாவிட்டால் இங்கே யாருக்கும் மத்தியானச் சோறு இறங்காது.

ஆனால் எங்களுக்கு அடுத்த வீட்டுப் புல்லில் அந்தப் பலகை இறங்கிய அன்று எனக்கு வேடிக்கையாக இல்லை. சம்மட்டிச் சத்தம் கேட்டு முதலில் வெளியே வந்தவர் அங்கே வாடகைக்கு இருக்கும் ஓடிஷோ. அவருக்குக் கண் தெரியாது. நிலைப்படியைத் தொட்டுக்கொண்டு நின்று கேட்டார்.

"யாருப்பா அது, என் புல்லுல அடிக்கிறது?"

"நான்தான் அண்ணே, டோல்கா. வீட்டுத் தரகு. வீட்டுக்காரர் போன் பண்ணிச் சொல்லலியா?"

"சொல்லலியே."

"சரி, இப்ப நான் சொல்லிட்டேன்ல" என்றான் அந்தத் துருக்கிப் பையன். கூர்மூக்குச் சப்பாத்து சேற்றில் புதைந்து நின்றது. "வீடு விலைக்கு வருது அண்ணே. வர்ற சனிக்கிழமையிலேர்ந்து ஆளுங்க பாக்க வருவாங்க. அப்புறம் ஏலம்."

ஓடிஷோ திரும்பி, தடுமாறாமல் நேரே சமையலறைக்குப் போய்த் தம் மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த மனைவிதான் ஷமீரான். என் வயதுக்காரி. அவர்கள் அசிரியக் கிறிஸ்தவர்கள், ஈராக்கிலிருந்து வந்தவர்கள். பாக்தாதில் ஓடிஷோ மின்சார வேலை செய்தவர். நாட்டில் கலகம் வந்து ஓடியபோது ஜோர்டானில் அம்மான் நகரத்தில் விசாவுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரே மகளுக்கு சுவீடனில் இடம் கிடைத்தது, இவர்களுக்கு இங்கே கிடைத்தது. வந்து கொஞ்ச காலத்தில் சர்க்கரை வியாதி ஓடிஷோவின் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஷமீரான் கொண்டைக்கடலை அரைத்த விழுதை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அதிகாலையில் போனால் மூன்று மணிக்குத் திரும்புவாள்.

அதுவரை ஓடிஷோ தனியாகத்தான் இருப்பார். அவரைப் பார்த்தால் கண் தெரியாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். சுவரைத் தடவாமல் வீடு முழுவதும் நடப்பார், டீ போடுவார், துணி காயப்போடுவார். எங்கள் வீட்டு வேலி, அப்புறம் எதிர்வீட்டு லஃபாயெலேயின் நாய் குரைக்கும் இடம், அப்புறம் தபால் பெட்டி என்று அடையாளம் வைத்துக்கொண்டு முக்குக் கடை வரை போய் ரொட்டி வாங்கி வருவார். இதை எல்லாம் பழக அவருக்கு எத்தனையோ அடி, எத்தனையோ காயம். முதல் இரண்டு வருஷம் அவர் கட்டிலை விட்டே இறங்கவில்லை என்று ஷமீரான் சொல்லியிருக்கிறாள்.

"வேற வீட்டுக்குப் போனா மறுபடியும் கட்டில்லதான் உக்காருவாரு பவளம்" என்றாள் அன்று சாயங்காலம் என்னிடம் வேலியோரம் வந்து. "மறுபடியும் பழகுற வயசா அவருக்கு?"

அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் எப்போதோ முடிந்து மாதாமாதம் ஓடிக்கொண்டிருந்தது. வாங்குகிறவர் குடியிருக்க வாங்கினால் இவர்கள் கிளம்ப வேண்டும். வாடகைக்கு விடுவதற்காக வாங்குகிறவர் என்றால் இவர்களையே இருக்கச் சொல்லலாம். ஆக, எல்லாம் ஏலத்தில் யார் கையை உயர்த்துகிறார்கள் என்பதில் இருந்தது.

முதல் சனிக்கிழமை டோல்கா சீக்கிரமே வந்துவிட்டான்.

"அக்கா, அரை மணி நேரம் ரெண்டு பேரும் எங்கயாவது காத்தாட போயிட்டு வாங்க. வீடு பாக்க வர்றவங்களுக்குக் கூச்சமா இருக்கும்."

"எதுக்குக் கூச்சம்? என்னைக் கண்டா கடிச்சிடுவேனா?"

"அதில்லக்கா. இது வழக்கம்."

"உன் வழக்கம் உன் ஆபீஸ்ல. என் வீட்டுக்கு ஆள் வரப்போ நான் வீட்டுல இல்லாமப் போறதா? உங்கம்மா இப்படித்தான் உன்னை வளத்தாங்களா?"

அம்மாவை இழுத்ததும் டோல்கா அடங்கிவிட்டான். உள்ளே போய்ப் பார்த்தவன், "அக்கா, இது என்ன?" என்று அலறினான். கூடத்து மேஜையில் வெள்ளை விரிப்பு. அதன்மேல் பேரீச்சம்பழத்தை மாவுக்குள் வைத்துச் சுருட்டிச் சுட்ட கிலேச்சே பிஸ்கட் ஒரு பெரிய தாம்பாளம். வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி, ஊறுகாய். சமோவார் பாத்திரத்தில் ஏலக்காய் போட்ட டீ கொதித்துக்கொண்டிருந்தது. சின்னக் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன.

"வர்றவங்க வெறும் வாயோட போகணுமா?" என்றாள் ஷமீரான்.

நான் பிஸ்கட்டை அடுக்க உதவப் போனவள், அப்படியே ஒரு மூலையில் நின்றுவிட்டேன். வீடு பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது போவதே தெரியவில்லை. ஒரு குஜராத்திக்காரர் அடுப்புக்கு நேராக நின்று போனில் திசை பார்த்தார். ஒரு லெபனான்காரி அடுப்பின் கதவைத் திறந்து, பெரிய தட்டு உள்ளே போகுமா என்று கையை விரித்து அளந்தாள். நேபாளத்துப் பையன் ஒருவன் போட்ட சட்டையோடு குளியல் தொட்டியில் படுத்து, கால் நீட்ட முடிகிறதா என்று பார்த்தான். ஒருவர் கழிப்பறைத் தண்ணீரை இழுத்து விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அது அடங்கும்வரை கேட்டார், பாட்டுக் கேட்பதுபோல.

எல்லோரும் கடைசியில் மேஜைக்குத்தான் வந்தார்கள். முதலில் தயங்கினார்கள். "காசு ஒண்ணும் இல்லையே?" என்று ஒருவர் கேட்டே விட்டார். ஷமீரான் சிரித்து அவரை உட்காரவைத்தாள். உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. அரை மணி நேரம் என்றது ஒன்றரை மணி நேரமாயிற்று. டோல்கா ஒவ்வொருவர் பெயரையும் நம்பரையும் வாசலில் வாங்கிப் போனில் ஏற்றிக்கொண்டான். இருபத்தைந்து பெயர் சேர்ந்ததும் அவன் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்தில்தான் குர்தாஸும் ஹர்லீனும் வந்தார்கள். பஞ்சாபி இளம் ஜோடி. அவளுக்கு ஏழு மாதம் இருக்கும். பின்பக்கத்து அறையில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு, "இங்க தொட்டில் போட்டா எப்படி இருக்கும்!" என்று புருஷன் கையைப் பிடித்தாள். ஷமீரான் அவளைக் கைப்பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, தட்டில் இரண்டு பிஸ்கட் கூடவே வைத்தாள். அந்தப் பெண்ணின் கண் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருந்தது.

ஒருத்தர் மட்டும் உள்ளே வந்து உட்காரவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் வியட்நாம்காரம்மா, துயெத். அறுபது தாண்டியவர். குழாயைத் திறந்து மூடினார், கதவுகளைத் தள்ளிப் பார்த்தார், "வீட்டுல ஏதாவது கோளாறு உண்டா?" என்று ஷமீரானைக் கேட்டார். "நல்ல வீடும்மா, உக்காருங்க, டீ குடிங்க" என்றாள் இவள். "கடைக்கு நேரமாச்சு" என்று சொன்னவர், கடைக்குப் போகாமல் வாசல் கேட்டருகில் நின்று உள்ளே போகிறவர் வருகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை இன்னும் கூட்டம். மூன்றாவது சனிக்கிழமை தெருவில் கார் நிறுத்த இடமில்லை. லஃபாயெலே, அந்த மலை போன்ற சமோவாத் தீவுக்காரர், சர்ச் பாட்டுக்குழு முடிந்து நேரே இங்கே வந்துவிடுவார். சோமாலியப் பெண்கள் சமோசா மாதிரியான சம்பூசா கொண்டுவந்து மேஜையில் சேர்த்தார்கள். டோல்கா எல்லோரிடமும் பெயர் கேட்டான், எல்லோரும் கொடுத்தார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. புதன்கிழமை வேலியோரம் நின்று கூப்பிட்டேன்.

"ஷமீரான், நீ என்ன செய்றேன்னு தெரிஞ்சுதான் செய்றியா?"

"மாவு பிசையறேன். ஏன்?"

"வீட்டை இப்படித் துடைச்சு, ஏலக்கா வாசனை பிடிக்க வெச்சு, வர்றவங்களுக்கு ஊட்டியும் விட்டா, யாருக்குத்தான் இங்க குடியிருக்க ஆசை வராது? ஆசைப்பட்டு வாங்குறவங்க உங்களைத்தான் முதல்ல கிளம்பச் சொல்லுவாங்க. அந்த வயித்துப் புள்ளக்காரி முகத்தைப் பாத்தியா நீ?"

அவள் கை நின்றது. மாவு ஒட்டிய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பாத்தேன். அவ நல்ல பொண்ணு."

"அப்ப மேஜையை எடுத்துடு. சனிக்கிழமை எங்கயாவது போயிடுங்க."

"பவளம், அம்மான்ல நாங்க ஏழு வருஷம் ஒரே அறையில இருந்தோம். அறை இல்ல, மாடிப்படிக்கு அடியில ஒரு பொந்து. ஒருத்தரை உள்ள வாங்கன்னு சொல்ல முடியாது, உக்கார இடமில்ல. எங்க சாமியாரே வாசல்ல நின்னு ஜெபம் பண்ணிட்டுப் போவாரு. அப்ப நான் மாதாகிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? வீடு கேக்கல. வர்றவங்களை உள்ள கூப்பிட ஒரு கதவு குடுன்னு கேட்டேன். குடுத்தா. குடுத்தப்புறம் அந்தக் கதவைத் தாண்டி வர்றவங்களைப் பட்டினியா அனுப்பினா அவ என்னைப் பத்தி என்ன நெனைப்பா?"

உள்ளேயிருந்து ஓடிஷோ குரல் கொடுத்தார். "அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது பவளம். எங்க கல்யாணத்தை நிறுத்தணும்னு வந்த என் பெரியப்பாவையே உக்கார வெச்சு சோறு போட்டவ. அந்த ஆளு சாப்பிட்டு முடிச்சு, எதுக்கு வந்தோம்னே மறந்துட்டாரு."

அன்று விளக்கேற்றிவிட்டு முருகனுக்கு முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு வீடு கிடைக்கக் கூடாது என்று கேட்க வாய் வரவில்லை. அவள் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு கூரை வேண்டுமே. "இவ்வளவு பேருக்கும் நீயே ஒரு வழி பாரு" என்று சொல்லிவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டேன்.

நாலாவது சனிக்கிழமையும் மேஜை விரித்தாள் ஷமீரான். அதற்கு அடுத்த வாரம், ஏலத்து நாள் காலையில் நல்ல வெயில். தெருவில் அடைத்துக்கொண்டு ஜனம். டோல்கா புதுச் சட்டை போட்டு வந்திருந்தான். ஷமீரானிடம் குரலைத் தாழ்த்தி, "அக்கா, நூத்துப் பத்து பேரு! என் சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்ல. வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், அவரு இதுக்குக் கீழ குடுக்கமாட்டேன்னு வெச்சிருந்த விலையை இன்னும் ஏத்திட்டாரு" என்றான். அவள் தலையை ஆட்டினாள். ஓடிஷோ நிலைப்படியில் கைவைத்தபடி நின்றார். வழியெல்லாம் ஆட்கள் நின்றதால் படியை விட்டு இறங்க அவருக்குத் தைரியமில்லை.

அப்போது ஹர்லீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கையில் லட்டு டப்பா. ஏலத்துக்கு முன்னாலேயே லட்டா?

"ஆன்ட்டி, வாய் தொறங்க" என்று ஷமீரான் வாயில் லட்டை வைத்தாள். "பக்கத்து ஊரு கல்கல்லோவில வீடு வாங்கிட்டோம். வியாழக்கிழமை கையெழுத்து போட்டாச்சு."

"அப்ப இந்த வீடு?"

"எனக்கு இதுமேலதான் உசிரு ஆன்ட்டி. ஆனா இவரு வாரா வாரம் கூட்டத்தைப் பாத்துட்டு, இத்தனை பேரோட நம்மளால மோத முடியாது, வேற பாப்போம்னு சொல்லிட்டாரு."

ஷமீரான் அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். வயிற்றைத் தொட்டு அவள் பாஷையில் ஏதோ ஆசீர்வாதம் சொன்னாள். ஆனால் அதோடு பயம் போகவில்லை. ஒருத்தி போனாள். இன்னும் நூறு பேருக்கு மேல் நிற்கிறார்களே.

டோல்கா வாசல் திண்டில் ஏறி, வீட்டுப் பெருமையை எடுத்துவிட்டான். ரயில் பக்கம், பள்ளிக்கூடம் பக்கம், சூரிய வெளிச்சம், நாலு வாரமாக ஊரே வந்து பார்த்த வீடு என்றான். "யாரு ஆரம்பிக்கிறீங்க?"

யாரும் ஆரம்பிக்கவில்லை.

அது எங்கள் ஊர் வழக்கம்தான், முதல் ஆளாகக் கை தூக்க எவரும் விரும்பமாட்டார்கள். டோல்கா சிரித்துக்கொண்டு, வீட்டுக்காரர் சார்பில் தானே ஒரு விலையைச் சொல்லித் தொடங்கினான். காத்திருந்தான். கேட்டருகில் நின்ற ரொட்டிக்கடை அம்மா கையைத் தூக்காமல், வாயால் மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்.

"நன்றிம்மா! அடுத்து யாரு?"

மேக்பை என்னும் கறுப்பு வெள்ளைப் பறவை ஒன்று மரத்திலிருந்து பாய்ந்து லஃபாயெலேயின் தலையைக் கொத்தப் போனது. குஞ்சு பொரிக்கும் காலத்தில் அவை அப்படித்தான். அவர் கையை ஓங்கி விரட்டினார்.

"அதோ, சார்! வந்துடுச்சு! எவ்வளவு சொல்றீங்க?"

"போடா, நான் குருவியை விரட்டினேன்!"

ஜனம் கொல்லென்று சிரித்தது. டோல்காவும் சிரித்தான், ஆனால் நெற்றி வேர்த்திருந்தது. "சார், நீங்க நாலு சனிக்கிழமையும் வந்தீங்க. பேரு குடுத்தீங்க. ஒரு விலை சொல்லக் கூடாதா?"

"தம்பி, நான் டீக்கு வந்தேன். எதிர்லயே எனக்கு வீடு இருக்கு."

டோல்கா சோமாலியப் பெண்கள் பக்கம் திரும்பினான். அவர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். "நாங்க சம்பூசா குடுக்க வந்தோம்" என்றாள் ஒருத்தி. நேபாளத்துப் பையனைக் கேட்டான். "நான் வாடகைக்குத்தான் பாத்தேன் அண்ணே, அப்புறம் பிஸ்கட் நல்லா இருந்துச்சு." குஜராத்திக்காரர் வானத்தைப் பார்த்தார். டோல்கா போனை எடுத்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டான். கூப்பிட்டவர்கள் எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தர் வாயும் திறக்கவில்லை.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வாங்க நினைத்தவர்கள் எல்லாம் இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பயந்து ஓடிவிட்டார்கள். மிச்சம் நிற்பதெல்லாம் ஷமீரானின் விருந்தாளிகள்.

"ஒரு தரம்..." என்றான் டோல்கா. "ரெண்டு தரம்..." மூன்றாம் தரம் சொல்ல முடியாது, வீட்டுக்காரர் ஏற்றிவைத்த விலை எங்கேயோ மேலே நின்றது. "வீடு இன்னிக்கு விலை எட்டலை" என்று தொங்கிய குரலில் சொல்லி இறங்கினான். கேட்டவர்களில் அதிக விலை சொன்னவரோடுதான் முதலில் பேச வேண்டும். சொன்னதே ஒருத்தர்தான். துயெத் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அவனோடு உள்ளே போனார்.

கூட்டம் கலையவில்லை. உள்ளே டோல்கா வீட்டுக்காரரோடு போனில் பேசுவது கேட்டது. முதலில் கெஞ்சினான், பிறகு ஏதோ விளக்கினான், பிறகு வெகுநேரம் "ஆமா சார், டீக்குத்தான் சார், எனக்கும் தெரியாது சார்" என்றான். ஷமீரான் ஓடிஷோவின் கையைப் பிடித்துக்கொண்டு சிலுவை போட்டுக்கொண்டாள்.

"யாரு அந்தம்மா?" என்று ஓடிஷோ கேட்டார்.

"ரயிலடி ரொட்டிக்கடை."

"குடியிருக்கவா, வாடகைக்கு விடவா?"

"தெரியலியே."

கதவு திறந்தது. துயெத் அம்மா வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"முடிஞ்சுது" என்றார். "நான் கடை மாடியிலதான் இருக்கேன், அங்கதான் இருப்பேன். நீங்க இங்கயே இருங்க. வாடகை கொஞ்சம் ஏத்துவேன், நான் தர்மம் பண்ண வரல. சம்மதமா?"

"சம்மதம்" என்று ஷமீரான் சொல்வதற்குள் ஓடிஷோ சொல்லிவிட்டார்.

தெருவே கைதட்டியது. ஷமீரான் அழுதாள், நானும் அழுதேன். லஃபாயெலே தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு தோத்திரப் பாட்டை ஆரம்பித்துவிட்டார்.

"உங்களுக்கு எப்படிம்மா தைரியம் வந்துச்சு, இந்தக் கூட்டத்தைப் பாத்தும்?" என்று துயெத் அம்மாவைக் கேட்டேன்.

"முப்பது வருஷமாக் கடையில நிக்கிறேன். வாங்க வந்தவங்க யாரு, வாசனைக்கு வந்தவங்க யாருன்னு தெரியாதா? எல்லாரும் மேஜையைப் பாத்தாங்க. குழாயைத் திருகிப் பாத்தது நாலஞ்சு பேருதான்" என்றார். பிறகு ஷமீரான் பக்கம் திரும்பி, "சரி, சொல்லு. என்னென்ன சரி பண்ணணும்?" என்று சும்மா ஒரு மரியாதைக்குக் கேட்டார்.

ஷமீரான் முந்தானை போல் போட்டிருந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"துணி துவைக்கிற அறையில மழை பெஞ்சா கணுக்கால் தண்ணி."

"என்னது?"

"சுடுதண்ணி பாய்லரு ரெண்டு தடவை தட்டினாத்தான் எரியும். பின்பக்க அறை ஜன்னல் மூடாது, நான் கரண்டி செருகி வெச்சிருக்கேன்."

"குளியலறை மூலையில ரெண்டு ஓடு ஆடுது" என்று ஓடிஷோ சேர்ந்துகொண்டார். "கூரையோரத்துத் தகரம் துருப்பிடிச்சு ஓட்டை. ராத்திரி மழை வந்தா சொட்டுற இடம் கேக்கும், மொத்தம் மூணு இடம்."

துயெத் அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றது. "அன்னிக்கு நான் கேட்டப்போ நல்ல வீடுன்னு சொன்னியே!"

"அன்னிக்கு நீங்க விருந்தாளி" என்றாள் ஷமீரான். "வீட்டுக்கு வந்தவங்ககிட்ட வீட்டுக் குறையைச் சொல்லுவாங்களா? இப்பதானே வீட்டுக்காரம்மா."

டோல்கா மெல்ல நழுவித் தன் காரைப் பார்த்து நடந்தான். துயெத் அம்மா அவன் முதுகை ஒரு பார்வை பார்த்தார், கூரையை ஒரு பார்வை பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கைப்பையை என்னிடம் நீட்டினார்.

"யாரு வீட்டுலயாவது ஏணி இருக்கா?"

லஃபாயெலே ஓடிப்போய்க் கொண்டுவந்தார். துயெத் அம்மா சேலைபோல் நீண்ட தம் உடுப்பின் முன்பக்கத்தை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார். ஏணி ஆடியது. கூட்டம் இப்போது விலகி வழி விட்டிருந்தது. ஓடிஷோ படியிறங்கி, சத்தம் வந்த திசைக்கு நேரே நடந்து வந்து, ஏணியின் இரண்டு காலையும் இறுக்கிப் பிடித்தார்.

"கெட்டியாப் பிடிச்சிருக்கீங்களா?" என்று மேலேயிருந்து கேட்டார் துயெத் அம்மா.

"பிடிச்சிருக்கேன். ஏறுங்க. இடது பக்கம் போகாதீங்க, அங்கதான் ஓட்டை."